மூளைப் பவளமும் மூன்று மாப்பிள்ளைகளும்

தூத்துக்குடியில் எங்கள் ஐஸ் கம்பெனித் தெருவில் மூளைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆளுக்கு ஒன்று இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறோம். இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும் விடச் சிக்கனமானவர்கள் என் எதிர்வீட்டு வெயிலுமுத்து அண்ணாச்சியின் மூன்று மாப்பிள்ளைகள்.

மூத்தவர் கோமதிநாயகம். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் எட்டு மாதம் தற்காலிகமாக வேலை பார்த்தவர். அதனால் உலகத்தில் எதற்கும் ஒரு முறை உண்டு என்று நம்புகிறவர். இரண்டாமவர் இசக்கியப்பன், எதையும் நன்றாக யோசித்த பிறகுதான் வாயைத் திறப்பார். திறந்த பிறகு, யோசிக்காமலே சொல்லியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். இளையவர் நம்பிராஜன். மற்ற இருவரும் சொல்வதற்குத் தலையாட்டுவார், சமையலும் பிரமாதமாகச் செய்வார். மூன்று பேரும் வெவ்வேறு வருஷத்தில் தலை தீபாவளிக்கென்று மாமனார் வீட்டுக்கு வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள், புது வேட்டி கட்டினார்கள், வெடி போட்டார்கள். அதற்குப் பிறகு போகவில்லை.

அண்ணாச்சி முப்பது வருஷம் ஐஸ் கம்பெனி நடத்தியவர். எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. வாயால் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று படகுக்காரர்கள் எல்லாம் நம்பினார்கள். வயதாகிக் கம்பெனியை விற்ற பிறகு ரத்த அழுத்தம் வந்தது. கோபமே படக் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் மூன்று மாப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும் என்று இவர் கேட்டிருக்கிறார். அப்படியானால் ஒரு மீன் தொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தொட்டி வந்தது. அதில் கடல் தண்ணீர், ஒரு கோமாளி மீன், ஒரு மூளைப் பவளம். பவளம் நம் கடலில் எடுத்ததல்ல, நம் கடல் பவளத்தைத் தொட்டால் கம்பி எண்ண வேண்டும். வெளிநாட்டுப் பண்ணையில் வளர்ந்ததைக் காகிதமெல்லாம் சரியாக வைத்து வரவழைத்துக் கொடுத்தவர் மீன் தொட்டிக் கடை ஜெபராஜ். உள்ளங்கை அகலம், பச்சையும் ரோஜா நிறமும் கலந்து, மடிப்பு மடிப்பாகப் பார்ப்பதற்கு மூளை மாதிரியே இருக்கும். உயிருள்ள பிராணிதான், ஆனால் உள்ளே மூளை கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகராது. ஊட்டினால் தின்னும்.

“இதுவும் வீட்டோட மாப்பிள்ளைதான். ஆனா பாக்க அழகா இருக்கு, பேசாது” என்பார் அண்ணாச்சி. தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அவர் ரத்த அழுத்தம் இறங்குவது அந்த நேரத்தில் மட்டும்தான்.

இந்த வைகாசியில் அண்ணாச்சி, மனைவி, மூன்று மகள்கள் என்று ஐந்து பேர் காசிக்குக் கிளம்பினார்கள். பன்னிரண்டு நாள் பயணம். மாப்பிள்ளைகளுக்கு ஏன் டிக்கெட் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு மூன்று மகள்களும் ஒரே குரலில், “நாங்க புண்ணியத்துக்குப் போறோம்” என்றார்களாம். கிளம்புகிற அன்று காலையில்தான் பவளத்துக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. சதை சுருங்கி, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிந்தது. ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தார்.

“நல்லா கேட்டுக்கிடுங்க மாப்ளே. ஜெபராஜுக்குப் போன் போடுங்க. அவன் என்ன சொல்லுதானோ அத அப்படியே செய்யுங்க. உங்க சொந்த புத்திய மட்டும் தயவுசெஞ்சு உள்ள விட்ராதீங்க. நான் திரும்பி வரும்போது இது உயிரோட இருந்தா, நீங்க மூணு பேரும் காலம் பூராவும் இந்த வீட்ல இருக்கலாம். இல்லேன்னா அன்னைக்கே அவங்கவங்க ஊருக்கு மூட்டையக் கட்டிர வேண்டியதுதான். இது என் வாய்ச் சொல்லு.”

சொந்த ஊர் என்றால் சொந்த வேலை பார்க்க வேண்டி வரும்.

வண்டி தெரு முனை திரும்புவதற்குள் போன் போட்டார்கள். ஜெபராஜ் பொறுமையான ஆள். “அண்ணாச்சி, மூளைப் பவளத்துல ரெண்டு மூணு வகை இருக்கு. நான் மாமாவுக்குக் கொடுத்தது எந்த வகைன்னு ஞாபகம் இல்ல. அடையாளம் பாக்கணும், தெளிவா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றார்.

கோமதிநாயகம் சட்டையை இன் பண்ணிக்கொண்டார். “அடையாளத்துக்குன்னு எடுக்குத போட்டோவுக்கு ஒரு முறை இருக்குவே. பின்னாடி வெள்ளையா இருக்கணும். முகம் நேராப் பாக்கணும். ரெண்டு காதும் தெரியணும்.”

“இதுக்கு முகம் எந்தப் பக்கம் சகலை?” என்றார் நம்பிராஜன்.

இசக்கியப்பன் தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றி யோசித்தார். “நாம கூப்பிட்டா எந்தப் பக்கம் திரும்புதோ அதான் முகம்.”

அரை மணி நேரம் கூப்பிட்டார்கள். அது திரும்பவில்லை. கோபத்தில் இருக்கிறது என்று முடிவு செய்து, இருக்கிற பக்கத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். வெள்ளைப் பின்னணிக்கு நம்பிராஜன் தன் வேட்டியை அவிழ்த்துத் தொட்டிக்குப் பின்னால் விரித்துப் பிடித்தார். படத்தோடு கோமதிநாயகம் கைப்பட எழுதிய குறிப்பும் போனது: அங்க அடையாளம் ஒன்று, உடம்பு முழுவதும் வளைவு. இரண்டு, இடது பக்கம் வெள்ளைத் தழும்பு.

ஜெபராஜ் உடனே கூப்பிட்டார். “அண்ணாச்சி, போட்டோல ஒருத்தர் டவுசரோட நிக்காரு. கண்ணாடில நீங்க ரெண்டு பேரும் தெரியுதீங்க. பவளம் எங்க?”

ஆறாவது படத்தில் பவளம் கிடைத்தது. அது திறந்த மூளைப் பவளம் என்று அடையாளம் சொன்னார். வாய் பெரிது, நன்றாகச் சாப்பிடும், பட்டினி கிடந்துதான் சுருங்கியிருக்கிறது, ஊட்டினால் பிழைத்துக்கொள்ளும். “நல்ல இறாலா வாங்கித் தோலுரிச்சு, அரிசி மணி அளவுக்குப் பொடிசா நறுக்குங்க. ரெண்டு சொட்டு பூண்டுச் சாறு விடுங்க. பூண்டு வாசனைக்குப் பசி கிளம்பும்.”

மறுநாள் நம்பிராஜன் ஒரு கிலோ இறால் வாங்கி, சொன்னபடியே அரிசி மணி அளவுக்கு நறுக்கினார். பூண்டைத் தட்டிச் சாறு எடுத்தார். ஜெபராஜ் சொன்னதில் பொய் இல்லை. வாசனை வந்ததும் பசி கிளம்பியது, மூன்று பேருக்கும்.

“மாப்பிள்ளைங்க இருக்குத வீட்ல பச்சையாவா பரிமாறுதது?” என்றார் கோமதிநாயகம். சரிதானே என்று நம்பிராஜன் சட்டியை வைத்தார். சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை. வாசனை என் வீடு வரைக்கும் வந்தது. இறக்கி வைத்த பிறகு இசக்கியப்பனுக்குச் சந்தேகம் வந்தது.

“மொதல்ல யாருக்குப் போடணும்? நமக்கா, அதுக்கா?”

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த மாப்பிள்ளை கை நனைக்காமல் அடுத்தவருக்கு இலை போட மாட்டார்கள். இரண்டாமவர் சாப்பிட்ட பிறகுதான் மூன்றாமவர். கோமதிநாயகம் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். “நான் வந்து ஒம்பது வருசம். நீரு ஏழு. நம்பி நாலு. பவளம் வந்து ரெண்டு வருசந்தான் ஆகுது. வீட்டுக்குள்ள வந்த வரிசைப்படி அது நமக்கெல்லாம் இளையது. கடைசிப் பந்தி.”

“முறைன்னா முறைதான்” என்று நம்பிராஜன் தலையாட்டினார்.

முதல் பந்தி நடந்தது, இரண்டாம் பந்தி நடந்தது, மூன்றாம் பந்தியில் நம்பிராஜன் சட்டியை வழித்துச் சோறு போட்டுப் பிரட்டினார். பவளத்தின் முறை வந்தபோது சட்டியில் கறிவேப்பிலை மட்டும் இருந்தது. இரண்டு நாள் இப்படியே நடந்தது. இரண்டு நாளும் ஜெபராஜ் கூப்பிட்டு, ஊட்டியாச்சா என்று கேட்டார். “எல்லாரும் திருப்தியா சாப்பிட்டோம் தம்பி” என்றார்கள். பவளம் இன்னும் சுருங்கியது.

நாலாம் நாள் சட்டி விஷயம் ஜெபராஜுக்குத் தெரிந்தது. நிதானமாகச் சொன்னார். “பச்சை இறால் அண்ணாச்சி. சமைக்காதது. சாயங்காலம் லைட்ட அணைச்சிட்டுக் காத்திருங்க. மடிப்புக்குள்ள இருந்து சின்னச் சின்ன விரல் மாதிரி வெளிய நீட்டும். நீட்டினா பசின்னு அர்த்தம். நீட்டினத நல்லா பாத்துக்கிட்டு அப்ப மட்டும் ஊட்டுங்க.”

“எந்த லைட்டுன்னு அவரு சொல்லல. ஒண்ணு விட்டுப்போனா நாளைக்கு நம்ம மேலதான் வரும்” என்றார் கோமதிநாயகம். நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வீடே இருண்டது. தொட்டியில் தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டாரும் நின்றது. தெரு விளக்குக்கு எதிரே இருக்கிற ஜன்னலில் போர்வை கட்டினார்கள். நம்பிராஜன் என் வீட்டுக்கு வந்து, உங்க முன்வாசல் லைட்டையும் அணைச்சா ஒரு உயிர் பிழைக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அணைத்தேன். விட்டுக்கொடுத்துப் போகிற தெரு எங்களுடையது.

இருட்டில் மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“விரல் நீட்டிருச்சா?”

“தெரியலயே. இருட்டா இருக்கு.”

“டார்ச்ச அடிச்சுப் பாரும்.”

அடித்தார்கள். வெளிச்சம் பட்டதும் லேசாக நீட்டியிருந்த விரல்கள் உள்ளே போய்விட்டன. அணைத்தார்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் அடித்தார்கள். மறுபடியும் உள்ளே போனது. இசக்கியப்பன் ஆழமாக யோசித்தார்.

“நீட்டுதத நல்லா பாக்கணும்னாரு. பாக்கணும்னா வெளிச்சம் வேணும். வெளிச்சம் இருந்தா அது நீட்டாது. அப்போ ஜெபராஜ் நம்ம பொறுமைய சோதிக்காரு.”

“சோதிக்கட்டும்” என்றார் கோமதிநாயகம். இரண்டு மணி நேரம் பொறுமையாக டார்ச்சை அடித்தும் அணைத்தும் இருந்தார்கள். இறால் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. கடைசியில் மெயின் சுவிட்சைப் போட்டபோது கிண்ணம் காலியாக இருந்தது. இருட்டில் கை தவறித் தொட்டியில் கொட்டியிருக்கிறது. கோமாளி மீன் வயிறு புடைத்து ஒரு பக்கமாக நீந்திக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஜெபராஜ் இன்னொரு வழி சொன்னார். மீன் திருடித் தின்றுவிடுகிறது. அதனால் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை அறுத்துவிட்டு, பவளத்தின் மேல் கவிழ்த்து, பாட்டில் வாய் வழியாக இறாலைப் போடுங்கள். மீன் உள்ளே வராது.

அறுத்தார்கள், கவிழ்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோமாளி மீன் பவளத்தின் மேல் படுத்திருந்தது. அதுவும் பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்டது.

“சகலை, மீன் உள்ள இருக்கே” என்றார் நம்பிராஜன்.

“மீன் உள்ள வரக் கூடாதுங்கதுக்குத்தான் பாட்டிலு” என்றார் இசக்கியப்பன். “இது ஏற்கெனவே உள்ளதான் இருக்கு. இனிமே எப்படி வரும்?”

இறாலைப் போட்டார்கள். மீன் நின்ற இடத்திலேயே தின்றது. கவிழ்க்கச் சொன்ன ஜெபராஜ் எடுக்கச் சொல்லவில்லையாதலால் பாட்டில் மறுநாள் மத்தியானம் வரை அங்கேயே இருந்தது. பவளம் இப்போது பாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு நம்பிராஜன் தன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். சொந்த ஊரில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், விடியற்காலையில் எழுப்பித் தோட்டத்துக்கு அனுப்புகிறவர். அந்த அண்ணனை நினைத்து நம்பிராஜன் உண்மையிலேயே அழுதார்.

ஆறாம் நாள் ஜெபராஜ் தண்ணீரைச் சந்தேகப்பட்டார். “தண்ணி கெட்டிருக்கும். பத்துல ஒரு பங்கு தண்ணிய எடுத்திட்டு வேற ஊத்துங்க. ஊத்துத தண்ணி எடுத்த தண்ணி மாதிரியே இருக்கணும். அதே உப்பு, அதே சூடு. கொஞ்சம் மாறினாலும் செத்துரும். சரியான தண்ணி எங்கிட்ட வந்து வாங்கிக்கிடுங்க.”

தொட்டியிலிருந்து இரண்டு வாளித் தண்ணீர் எடுத்தார்கள். எடுத்ததைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூவரும் கூடிப் பேசினார்கள். அதே உப்பு, அதே சூடு, துளிகூட மாறக் கூடாது. கடையில் வாங்குகிற தண்ணீரை எந்த நம்பிக்கையில் ஊற்றுவது? கோமதிநாயகம் வாளிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். தொட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ரெண்டும் ஒண்ணுதாம்வே! இத விடப் பொருத்தமான தண்ணி உலகத்துல எங்க கிடைக்கும்?”

எடுத்த தண்ணீரையே திரும்ப ஊற்றினார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை என்பதைப் போனில் பெருமையாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் ஜெபராஜ் உடைந்தார். “அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். இனிமே நீங்க மூணு பேரும் ஒண்ணுமே செய்யாதீங்க. எனக்குப் போனும் பண்ணாதீங்க. நானே வாரேன்” என்றார்.

வந்தார். மணி அடித்தார். உள்ளே மூன்று பேரும் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறப்பது ஒன்றைச் செய்வதா இல்லையா என்று பேச்சு நடந்தது. செய்வதுதான் என்று முடிவானது. அரை மணி நேரம் மணி அடித்துவிட்டு ஜெபராஜ் பின்பக்கம் சுற்றிப் போய், துணி துவைக்கிற இடத்தின் கதவு வழியாக உள்ளே போனார். தானே தண்ணீர் மாற்றினார், தொட்டி விளக்கை மட்டும் அணைத்தார், அது விரல் நீட்டியதும் இடுக்கியால் இறாலை ஒவ்வொரு துண்டாக ஊட்டினார். மூவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாள் இப்படி வந்து போனார். கடைசி நாள் கிளம்பும்போது, “இனிமே பயமில்ல. ரெண்டு நாள்ல நல்ல மாற்றம் தெரியும். தயவுசெஞ்சு எனக்குப் போன் மட்டும் பண்ணிராதீங்க” என்று மறுபடியும் சொன்னார்.

பதினோராம் நாள் காலையில் மாற்றம் தெரிந்தது. பவளம் இரண்டு மடங்காக உப்பியிருந்தது.

நம்பிராஜன்தான் முதலில் பார்த்தார். “ஐயோ சகலை! வீங்கிருச்சு!”

மூவரும் ஓடி வந்தார்கள். வெள்ளை எலும்பே தெரியாமல் சதை பொங்கித் தளதளவென்று பளபளத்தது. இசக்கியப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். “எங்க பெரியப்பாவுக்கும் கடைசில இப்படித்தான் வீங்குச்சு.”

“அவசரப்படாதீரும். முறைப்படி பாப்போம்” என்றார் கோமதிநாயகம். மூக்குக்கு நேராகக் கண்ணாடி பிடித்துப் பார்க்க வேண்டும், ஆனால் மூக்கு கிடைக்கவில்லை. நாடி பார்க்கக் கை கிடைக்கவில்லை. பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார்கள், பதில் வரவில்லை. ஜெபராஜைக் கேட்கலாம் என்றால் போன் பண்ணக் கூடாது என்று உத்தரவு. மாமாவைக் கேட்கலாம் என்றால் அவர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் யார் பொறுப்பு?

“போயிருச்சு” என்று கோமதிநாயகம் கண்ணாடியைக் கீழே வைத்தார். “நம்ம ஆட்டமும் முடிஞ்சுது. ஆனா மாமா ஆசையா வளத்தது. செய்யவேண்டியத முறையா செஞ்சிட்டுத்தான் வீட்ட விட்டுப் போணும். ஊர்ல யாருக்கும் ஒரு குறை வைக்கக் கூடாது.”

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் முதல் வேலை போஸ்டர். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாமல் போனவர் போனதாகவே கணக்கில் வராது. அச்சகத்துக்குப் போனார்கள். கோமதிநாயகம் எழுதிக்கொண்டு போன வாசகம் இது: எங்கள் அன்பு மாமனார் ஐஸ் கம்பெனி வெயிலுமுத்து அவர்களின் உயிருக்கு உயிரான மூளைப் பவளம் காலமாகிவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அச்சகக்காரர் பவளத்தின் படத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி இது, காலிஃபிளவரா?” என்று கேட்டுவிட்டு, இதைப் பெரிதாகப் போட்டால் ஊரில் சிரிப்பார்கள், மாமா படம் இருக்கிறதா என்றார். இருந்தது. மாமா முகத்தைப் பெரிதாகப் போட்டு, பேரை அதைவிடப் பெரிதாகப் போட்டு, காலமாகிவிட்டது என்பதில் எழுத்துப் பிழை என்று தானே திருத்திக் காலமாகிவிட்டார் என்று போட்டார். மூளைப் பவளம் என்ற சொல்லுக்கு மிஞ்சிய இடத்தில் எறும்பு ஊருகிற மாதிரி ஒரு வரி கிடைத்தது. கீழே மூன்று மாப்பிள்ளைகளும் கூலிங்கிளாஸ் போட்டு, ஒருவர் காதில் போனை வைத்தபடி, துயரத்தில் ஆழ்ந்திருந்தார்கள். நம்பிராஜன் தன் பங்குக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல் ஆளுக்குச் சொல்லி, இறால் தொக்கு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் ரயில் நிலையத்தில் இறங்கிய வெயிலுமுத்து அண்ணாச்சி, எதிர்ச் சுவரில் தன் முகத்தைப் பார்த்தார். பக்கத்துச் சுவரிலும் பார்த்தார். பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் அவர் பார்வை போன பக்கம் பார்த்து, “நல்ல மனுசன். பாவம், மருமக்கமாரு தொல்லைலயே போய்ட்டாராம். உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்டார்.

தெருவில் பந்தல், நாற்காலி, கொட்டு. அண்ணாச்சி காசியிலேயே போய்விட்டார் என்று நம்பி நானும் ஒரு ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவிலிருந்து அண்ணாச்சியின் மனைவி இறங்கியதும் பெண்கள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவரும் என்ன ஏது என்று தெரியாமல் கூடச் சேர்ந்து அழுதார். மூன்று மகள்களும் அழுதார்கள். அவர்களுக்குப் பின்னால் இறங்கிய அண்ணாச்சியைப் பார்த்துக் கொட்டு நின்றது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் நான் அவர் கழுத்திலேயே போட்டேன்.

அவர் மாலையோடு நேராகத் தொட்டிக்குப் போனார். அவருக்கு முன்னால் பவளம் பச்சையும் ரோஜாவுமாக, புதுப் பெண் மாதிரி, உப்பி உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க ஓடி வந்த ஜெபராஜ், போஸ்டரைப் பார்த்துவிட்டு மாலையோடு வந்தவர், தொட்டியை எட்டிப் பார்த்தார். “மாமா, எவ்வளவு நல்லா உப்பியிருக்கு பாத்தீங்களா! இதுக்கு உடம்பு தேறிட்டுதுங்கதுக்கு இதான் அடையாளம்” என்றார்.

அண்ணாச்சிக்குக் கண் நிறைந்தது. தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பினார். மருமகனை மரியாதைக் குறைவாகப் பேசக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அதை அவர் அப்போதும் மீறவில்லை.

“எருமமாட்டு மாப்பிள்ளைகளா! மூணு பேரும் இந்த நிமிசமே தயவுசெஞ்சு மூட்டையக் கட்டுங்க!”

மூட்டைகள் ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தன. நம்பிராஜன் குனிந்து தன்னுடையதைத் தூக்கினார். இசக்கியப்பன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். யோசித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த யோசனை ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

“மாமா, நீங்க திரும்பி வரும்போது இது உயிரோட இருந்தா, நாங்க காலம் பூராவும் இந்த வீட்ல இருக்கலாம்னு சொன்னீங்க. வாய்ச் சொல்லுன்னீங்க.” தொட்டியைக் காட்டினார். “இருக்கு.”

முப்பது வருஷம் அவரிடம் ஐஸ் வாங்கிய படகுக்காரர்கள் எல்லாம் துக்கத்துக்கு வந்து வாசல் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். பவளத்தைப் பார்த்தார். மெதுவாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. செத்திருந்தால்கூட இவ்வளவு பாவமாக இருந்திருக்காது.

பிறகு நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். “ஊர் பூராவும் நான் செத்துட்டேன்னு ஒட்டி வச்சிருக்கீங்க. எந்தெந்தச் சுவத்துல அந்தப் போஸ்டர் இருக்கோ, அந்தந்தச் சுவத்துல, அதே மாதிரி, நான் உயிரோட இருக்கேன்னு இன்னைக்குள்ள ஒட்டியாகணும். போங்க.”

போனார்கள். அச்சகக்காரர் புதிதாக எழுதிவிடலாமா என்று கேட்டார். கோமதிநாயகம் கையை உயர்த்தித் தடுத்தார். மாமா அதே மாதிரி என்று சொல்லியிருக்கிறார். பவளம் இருந்த பொடி வரியை எடுத்துவிட்டு, மாற்றச் சொன்ன ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதில் கை வைக்கக் கூடாது என்றார்.

சாயங்காலம் நான் கடைக்குப் போகும்போது பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. அதே கறுப்புக் கட்டம், அதே முகம், கீழே அதே கூலிங்கிளாஸ்கள்.

“கண்ணீர் அஞ்சலி. எங்கள் அன்பு மாமனார் ஐஸ் கம்பெனி வெயிலுமுத்து அவர்கள் உயிரோடு இருக்கிறார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, துயரத்தில் ஆழ்ந்திருக்கும் மாப்பிள்ளைகள். பதினாறாம் நாள் காரியம் குறித்தபடி நடைபெறும்.”